பேர் தெரியாத கட்டி

பேசாலையில் கோயில் திருநாள் கிட்டி வந்தால் செலீனாவின் தையல் மெஷினுக்கு ஓய்வு கிடையாது. கொடியேறுவதற்குள் ஊரில் பாதிப் பெண்களுக்குப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தாக வேண்டும். கச்சான் காற்று ஒழுங்கை மணலை அள்ளி வாசலில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கடைசி ஆளாக வந்து நின்றாள் றஞ்சிதா. செலீனாவின் தம்பி சிங்கராசாவின் பெண்சாதி. கலியாணமாகி வந்த நாளிலிருந்து செலீனாதான் அவளுக்கு உடுப்புத் தைக்கிறாள். அதே நாளிலிருந்து இரண்டு பேரும் ஏதாவதொன்றுக்குக் கொழுவிக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரு கிழமை, ஏழு நாளும், முகம் பார்க்க மாட்டார்கள். பிறகு யாராவது ஒருத்தி ஒரு கோப்பை மீன்குழம்போடு மற்றவளின் வேலியடிக்கு வந்து நிற்பாள்.

அளவு நாடாவை இடுப்பில் சுற்றிய செலீனா அதைத் தளர்த்தி மறுபடி சுற்றினாள்.

"ஈஸ்டருக்குத்தானேடி இடுப்பைப் பெருப்பிச்சுத் தைச்சனான்?"

"ஓம். அதுதான் இப்ப இறுக்குது மச்சாள்."

"உன்ர கை குச்சி மாதிரிக் கிடக்கு. கழுத்தெலும்பு தள்ளிக்கொண்டு நிக்குது. வயிறு மட்டும் ஏன் முன்னுக்கு வருகுது?"

"சோறு திண்டால் வயிறு வராதே?"

"சோறு திண்டால் கையும் வரும்." செலீனா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் றஞ்சிதாவின் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினாள். கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே பழுக்காத பப்பாசிக்காய் ஒன்றை வைத்துத் தைத்துவிட்ட மாதிரிக் கல்லாய்க் கிடந்தது.

"மாதாவே. எவ்வளவு நாளடி இது?"

றஞ்சிதா கதவைப் பார்த்தாள். ஒழுங்கையில் இரண்டு கழுதைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. வேறு யாருமில்லை. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். தீட்டு நிற்கிற வயதுதானே, நிற்கத்தான் போகிறது என்று இருந்தாளாம். அது நிற்காமல், வந்தால் போகாமல், போனாலும் சொல்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. சிங்கராசா உடுத்துக் கழித்த பழஞ்சாரங்களைக் கிழித்துக் கிழித்து, வீட்டில் இப்போது பழஞ்சாரம் ஒன்றும் மிச்சமில்லை. கருவாடு காயப்போடுகிற இடத்தில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

"தம்பிக்குச் சொன்னியோ?"

"அவருக்கோ?" றஞ்சிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவருக்குச் சொல்லுறதும் ஒண்டு, கோயில் லவுட்ஸ்பீக்கரில சொல்லுறதும் ஒண்டு."

அது உண்மைதான். சிங்கராசா நல்ல மனுசன். குடியில்லை, கை நீட்டுவதில்லை, பிடித்து வருகிற முதல் பாரைமீனை வீட்டுக்கென்று எடுத்து வைப்பான். ஆனால் அவன் வாயில் ஒன்றும் தங்காது. ஒருமுறை றஞ்சிதா நித்திரையில் கட்டிலால் விழுந்த கதையை விடிய வள்ளத்தில் சொல்லியிருக்கிறான். மத்தியானத்துக்குள், அவனோடு தொழிலுக்குப் போகிற செபமாலையின் மனுசி எண்ணெய்ப் போத்தலோடு வீட்டு வாசலில் வந்து, "எங்கையடி அடிபட்டது?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். மகள் மதுஷிகா பெரியபிள்ளையான செய்தி, பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க முன்னமே கடலுக்குப் போய்விட்டது. றஞ்சிதாவோ தன் தலையிடியைக்கூடத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிற சாதி.

"சரி, அவனுக்குச் சொல்ல வேண்டாம்," என்றாள் செலீனா. "நாளைக்கு மன்னாருக்குத் துணி எடுக்கப் போறம் எண்டு சொல்லு. நான் வாறன்."

மன்னார் ரவுணில் ஒரு தனியார் கிளினிக்கில் வயதான டொக்டர் ஒருவர் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். திரையில் தெரிந்த சாம்பல் நிற வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பயப்பிட ஒண்டுமில்லை அம்மா. கர்ப்பப்பையில ஃபைப்ரோயிட். சாதாரண சதைக்கட்டி. உங்கட வயசில பத்துப் பெம்பிளையளை நிறுத்தினால் மூண்டு நாலு பேரிட்டயாவது இருக்கும்."

"கான்சர் இல்லையோ ஐயா?" செலீனாதான் கேட்டாள். றஞ்சிதாவுக்கு அந்தச் சொல்லை எடுக்க வாய் வரவில்லை.

"ஃபைப்ரோயிட் கான்சர் இல்லை. இப்ப இதுக்கு வயித்தை வெட்டவும் தேவையில்லை. சின்ன ஓட்டை மூண்டு போட்டு, உள்ளுக்கு வைச்சே துண்டு துண்டாக்கி இழுத்தெடுக்கலாம். ரெண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம்."

கிளினிக் படியிறங்கும்போது இருவருக்கும் கால் நிலத்தில் படவில்லை. பஸ் ஸ்ராண்டடிக் கடையில் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிச் சாப்பிட்டார்கள். சொன்ன பொய்க்காகத் துணிக்கடைக்குள் போய், செலீனா சந்தோசத்தில் பாவாடைத் துணிக்குப் பதிலாக யன்னல் திரைச்சீலை வாங்கிவிட்டாள்.

"உதைக் கட்டிக்கொண்டோ பூசைக்குப் போகப் போறாய்?" என்று சிங்கராசா துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, றஞ்சிதாவுக்கு இனி ஒளிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சொன்னாள். அவன் கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டான். முகம் செத்துப்போய்க் கிடந்தது. "இவ்வளவு நாளும் தனிய வைச்சுக்கொண்டிருந்தனியே?" என்றான். பிறகு எழும்பி, அவள் கழுவப் போட்டிருந்த கோப்பைகளைத் தானே கழுவி வைத்தான்.

மறுநாள் பேசாலை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

ஊரில் இத்தனை பெண்களுக்கு ஃபைப்ரோயிட் இருந்ததென்பது றஞ்சிதாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எடுத்தவர்கள், எடுக்காதவர்கள், கரைத்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் கருவாட்டுப் பந்தலுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு டிலோஜினி முருங்கையிலைச் சாற்றை ஒரு போத்தலில் அடைத்துக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் "சகோதரி றஞ்சிதாவின் ஃபைப்ரோயிட்டுக்காக மன்றாடுவோம்" என்று சொல்லி எல்லோரும் முழங்காலில் நின்றபோது, அவளுக்குப் பாய்க்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது. சிங்கராசா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊரிலேயே சத்தமாக ஆமென் சொன்னான்.

ஆனால் இரத்தம் நிற்கவில்லை. அடுத்த மாதம் ஒரு காலை, உப்புப் போட்ட கட்டா மீன்களைத் தட்டியில் விரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் இரத்தம் ஏற்ற வேண்டுமென்றும், ஆபரேஷனை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் செய்யலாமென்றும் மன்னாரில் எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கேதான் டொக்டர் கீர்த்திகாவைக் கண்டார்கள். மெலிந்த பெண். மூக்கிலிருந்து வழுகி வழுகி விழுகிற கண்ணாடி. மன்னார் டொக்டரைப் போலச் சிரித்துக் கதைக்கவில்லை. கேள்விதான் கேட்டாள். எப்போதிருந்து, எவ்வளவு, வலி எங்கே, உடம்பு மெலிந்ததா, கட்டி எவ்வளவு கெதியாக வளர்ந்தது.

"ஈஸ்டருக்கு ஒருக்காப் பெருப்பிச்சுத் தைச்சனான் பிள்ளை. திருநாளுக்குத் திரும்பவும்," என்றாள் செலீனா.

டொக்டர் அதையும் எழுதிக்கொண்டாள். இரத்தம் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள்ளால் கொஞ்சம் கிள்ளியெடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. இரத்தத்தில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்ததால், சூலகத்துக் கட்டியாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் கிழமை அன்பியத்தில் சூலகத்துக்காக மன்றாடினார்கள். பிறகு பெரிய ஸ்கேன். குழாய்க்குள் படுக்கவைத்து, தலைக்குப் பக்கத்தில் தகரத்தை அடிக்கிற மாதிரிச் சத்தம். அது முடிந்த பிறகு டொக்டர் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"சூலகத்தில இல்லை. கர்ப்பப்பையின்ர சுவரிலதான் இருக்கு."

"அப்ப முதல் சொன்ன ஃபைப்ரோயிட்தானே டொக்டர்?" என்றான் சிங்கராசா, பரீட்சை பாஸான பிள்ளையைப் போல.

"ஃபைப்ரோயிட் மாதிரி இருக்கு ஐயா. மாதிரி இருக்கிறது வேற, அதுதான் எண்டு சொல்லுறது வேற. ஓரம் ஒழுங்கா இல்லை. எனக்கு நம்பிக்கை வரேல்லை. எடுத்து, மைக்ரோஸ்கோப்பில பாத்தால்தான் ஆராலயும் சொல்லேலும். அதால கர்ப்பப்பையோட சேத்து, உடைக்காமல் முழுசா எடுக்க வேணும். வயித்தை வெட்டித்தான்."

றஞ்சிதா நிமிர்ந்தாள். "மன்னாரில அந்த ஐயா மூண்டு சின்ன ஓட்டை எண்டவர்."

"ஃபைப்ரோயிட்டுக்கு அது நல்ல முறைதான் அம்மா. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். உள்ளுக்கு வைச்சு நான் அதைச் சீவப்போய், அது வேற ஏதுமா இருந்தால்? வயிறு முழுக்க விதைச்சுவிட்ட மாதிரி ஆயிடும். பிறகு அள்ளேலாது."

"பெரிசா வெட்டினால் எவ்வளவு காலம் பாரம் தூக்கேலாது?"

"ரெண்டு மூண்டு மாசமாவது."

திரும்பி வருகிற பஸ்ஸில் றஞ்சிதா யன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். சங்குப்பிட்டிப் பாலம் போயிற்று. வெள்ளாங்குளத்தில் விதைப்புக்கு உழுத வயல்கள் மழையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. மழையோடு வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வெயில் இல்லை, வெயில் இல்லாவிட்டால் கருவாடு இல்லை. அதற்கு முந்திய இந்த இரண்டு மாதம்தான் அவளுடைய காலம். கூலிக்குக் குனிகிற காலமெல்லாம் போய், சொந்தமாகப் பந்தல் போட்டு, தன் கையால் உப்புப் பிடித்து, றஞ்சிதாவின் கட்டாக்கருவாடென்று மதவாச்சியிலிருந்தும் ஆள் தேடி வருகிற அளவுக்கு அதைக் கொண்டுவந்திருந்தாள்.

"நான் மன்னாரிலயே செய்விக்கப் போறன்," என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"டொக்டர் சொன்னதைக் கேட்டனியெல்லே?" என்றான் சிங்கராசா.

"கேட்டனான். அவவுக்கே தெரியாதாம் என்னெண்டு. தெரியாத ஒண்டுக்கு என்னைக் கிழிக்க வேணுமோ? ஒருத்தர் சதைக்கட்டி எண்டார். பிறகு சூலகம் எண்டிச்சினம். இப்ப அதுவுமில்லை இதுவுமில்லையாம். நாளைக்கு வேறொண்டு சொல்லுவினம். உங்களுக்கென்ன, வயிறு என்ரதானே."

சிங்கராசா வேலியடிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டான். செலீனா வந்தாள். வந்தவள் நேரே குசினிக்குள் போய்ப் புட்டுக்கு மா குழைத்தாள். தேங்காய் துருவினாள். சூடைமீன் சொதி கொதிக்க வைத்தாள். மூவரும் சாப்பிட இருந்த பிறகு, சாதாரணமாகக் கேட்டாள்:

"றஞ்சி, வெட்டுக்குத்தானே பயப்பிடுறாய்?"

"பயமில்லை. வேலை கிடக்கு."

"வேலையை நான் பாக்கிறன். உப்பு எவ்வளவு எண்டு நீ கதிரையில இருந்து கத்து. வெட்டு எண்டால், பெரிசா வெட்டினால் பெரிசாத் தைச்சு விடுவினம். அவ்வளவுதானே. அந்த டொக்டர்ப் பிள்ளையின்ர முகத்தை நான் பாத்தனான். அவவுக்குப் பெரிய வெட்டு வெட்ட ஆசையில்லை. உன்னை நினைச்சு ஒரு பயம் அவவுக்கு."

"என்னை நினைச்சோ?"

"ஓம். எனக்கும் இருக்கு." சொல்லிவிட்டு செலீனா சட்டென்று சொதியை அள்ளி அவள் புட்டின் மேல் ஊற்றினாள். "தின். ஆறுது."

றஞ்சிதா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை. "உப்புக் கூடிப்போச்சு மச்சாள்," என்றாள் கடைசியில். அது சம்மதமென்று மூன்று பேருக்கும் விளங்கியது.

ஆபரேஷன் முடிந்து கண் முழித்தபோது வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சிங்கராசா ஒரு ஈரப் பஞ்சோடு இருந்தான். உதட்டைத் துடைத்துவிட்டான். "முடிஞ்சுது," என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முன்னர் இரத்தம் ஏற்ற வந்தபோது அவன் அந்த வாட்டில் எல்லோரோடும் சினேகமாகியிருந்தான். எந்த நேர்ஸ் மிஸிக்கு எந்த ஊர், எந்தக் கட்டில்காரிக்கு எத்தனை பிள்ளை என்றெல்லாம் சொல்வான். இப்போது பக்கத்துக் கட்டில் கிழவி, "தம்பி, பேசாலையில மீன் படுதோ?" என்று கேட்டும், "ஓம் அம்மா," என்றதோடு நிறுத்திக்கொண்டான். மருந்து மயக்கத்திலும் றஞ்சிதாவுக்கு அது காதில் உறைத்தது.

வீட்டுக்கு வந்த கிழமையே மழை தொடங்கியது. ஊர் கண்டிராத மழை. கடல் கலங்கிச் சேற்று நிறத்தில் கிடந்தது. வள்ளங்களைக் கரையேற்றிப் பனங்குற்றிகளில் வைத்திருந்தார்கள். மழை விட்டு வெயில் முகம் காட்டுகிற நேரமெல்லாம் செலீனா பந்தலுக்கு ஓடி, மூடியிருந்த பிளாஸ்ரிக்கை இழுத்து, கட்டாவைத் திருப்பிப் போட்டாள். தையல்காரியின் கையில் உப்புப் பிடிபடவில்லை. றஞ்சிதா விறாந்தைக் கதிரையில் இருந்து, "மச்சாள், செவிளுக்குள்ள போடுங்கோ! செவிளுக்குள்ள!" என்று கத்துவாள். கத்தினால் தையல் இழுக்கும். "வாயை மூடிக்கொண்டு இருடி, பிரிஞ்சிடும்!" என்று அங்கிருந்து பதில் வரும்.

சமையல் சிங்கராசா. அவனுடைய சொதி ஒருநாள் தண்ணீர், ஒருநாள் களி. இடியப்பம் பிழியத் தெரியாமல், கடையில் வாங்கி வந்து தட்டில் அடுக்கித் தான் அவித்ததாகக் காட்டப் பார்த்தான். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டான். வலை பின்னுகிற கை, பின்னல் இறுக்கி நெற்றித்தோலை இழுத்தது. எல்லாம் செய்தான். கதைதான் இல்லை. வங்காலையில் கைக்குழந்தையோடு இருக்கிற மதுஷிகா ரெலிபோன் எடுத்தால், "அம்மாட்டைக் குடுக்கிறன்," என்று நீட்டிவிடுவான்.

முடிவு வருகிற நாளும் வந்து போயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து கோல் எடுத்து, ஆய்வுகூடத்தில் பார்த்தவர்களுக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லையாம், கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்களாம் என்றார்கள்.

மழை வெளித்த ஒரு காலை செபமாலை வந்தான். குடையை மடக்கி விறாந்தையில் சாத்தினான். சிங்கராசா கடைக்குப் போயிருந்தான்.

"தங்கச்சி, உனக்கும் அவனுக்கும் ஏதும் கொழுவலோ?"

"இல்லையே அண்ணன். ஏன்?"

"மழை விட்ட இடைக்குள்ள தொழிலுக்குப் போன நாளெல்லாம் வாய் திறக்கேல்லை. முந்தி வாயை மூடடா எண்டு நான் கத்துவன். இப்ப வள்ளத்தில எஞ்சின் சத்தம் மட்டும்தான். எனக்குப் பயமாக் கிடக்கு."

அவன் போன பிறகு றஞ்சிதா எழும்பி, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு குசினிக்குப் போய் மர வாங்கில் இருந்தாள். சிங்கராசா ஒரு பை நண்டோடு வந்தான். அவளைக் கண்டதும், "ஏன் எழும்பினனி?" என்றான்.

"இஞ்ச இருங்கோ."

"நண்டைக் கழுவிப்போட்டு வாறன்."

"நண்டு ஓடாது. இருங்கோ."

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருந்தான். பைக்குள் நண்டுகள் சரசரத்துக்கொண்டிருந்தன.

"டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னவ?"

"என்ன... கொழும்புக்கு அனுப்பினது எண்டு."

"அதுக்கு முந்தி. என்னை வெட்டின அண்டைக்கு."

சிங்கராசா நிலத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "தியேட்டரால வெளிய வந்து என்னைக் கூப்பிட்டவ. முழுசா எடுத்தாச்சு எண்டு சொன்னவ. ஆனா அது ஃபைப்ரோயிட் மாதிரி வெள்ளையா இறுக்கமா இல்லையாம். மஞ்சளா, மெத்தெண்டு இருந்ததாம். ரத்தக் குழாயளுக்குள்ள புழு மாதிரி நுழைஞ்சு கிடந்ததாம். கான்சரா இருக்கலாம், முடிவு வரட்டும் எண்டவ. உனக்கும் சொல்லவேணும் எண்டவ. நான்தான் மன்றாடினனான், என்ர மனுசிக்கு நானே சொல்லுறன் எண்டு."

"ஏன் சொல்லேல்லை?"

"ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வாறது. நீ கதிரையில இருந்து அக்காவைப் பேசிக்கொண்டிருப்பாய். அதைக் கேக்க எனக்கு நல்லாயிருக்கும். நாளைக்குச் சொல்லுவம் எண்டு போயிடுவன்."

"அதுக்கு ஏன் செபமாலை அண்ணனோடயும் கதைக்கேல்லை? அக்காவுக்காவது சொல்லியிருக்கலாமே."

"ஆரிட்டைச் சொன்னாலும் அது சுத்தி உன்னட்டைத்தானே வரும்? இந்த ஊரும் என்ர வாய் மாதிரித்தான். அதோட, நான் ஒண்டைத் தொடங்கினால் மற்றதெல்லாம் சேந்து வந்திடும். எனக்கு என்னைத் தெரியுமே. மீனைப் பற்றித் தொடங்கினாலும் கடைசியில அதிலதான் போய் நிப்பன். அதால முழுக்கவே வாயைக் கட்டிப்போட்டன்."

றஞ்சிதாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிக்கத் தையல் இழுத்தது. வயிற்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாய் மாறியதென்று அவளுக்கே தெரியவில்லை. சிங்கராசா எழும்பி வந்து, நண்டு மணக்கிற கையை அவள் தலையில் வைத்தான்.

"எனக்குத் தெரியும் எண்டு உங்களுக்குத் தெரியாதே?" என்றாள் அவள். "அண்டைக்கு வாட்டில அந்தக் கிழவி மீன் படுதோ எண்டு கேக்க, நீங்கள் ஓம் எண்டதோட விட்டியள். அப்பவே எனக்கு விளங்கிச்சுது. இவ்வளவு நாளும் நானும் உங்களிட்டைக் கேக்கப் பயந்துகொண்டு இருந்தனான்."

"அப்ப ரெண்டு பேரும் சும்மா கிடந்து..."

"ஓம். சும்மா கிடந்து."

பையிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்து சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தது. "அங்க பாருங்கோ, ஓடுது," என்றாள் றஞ்சிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஓடாதெண்டு சொன்னனி," என்று அவன் வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தான். அன்று நண்டுக்கறியை அவள் வாங்கில் இருந்தபடியே சொல்லச் சொல்ல அவன் வைத்தான். வாயில் வைக்கிற மாதிரி அவன் வைத்த முதல் கறி அதுதான்.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போனார்கள்.

டொக்டர் கீர்த்திகா கதவைச் சாத்திவிட்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல் அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"ஒளிக்கமாட்டன் அம்மா. கான்சர்தான்."

றஞ்சிதா சிங்கராசாவின் கையைத் தேடவேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே அவள் கைமேல் இருந்தது.

"ஆனால் மெல்ல வளருற சாதி. கர்ப்பப்பையில வாற கான்சருக்குள்ள இது அரிது. இதின்ர கலங்கள் கர்ப்பப்பை உள்பூச்சில இருக்கிற நல்ல கலங்கள் மாதிரியே இருக்கும். அதாலதான் ஸ்கேனுக்கும் பிடிபடேல்லை, கிள்ளியெடுத்ததிலும் வரேல்லை, மைக்ரோஸ்கோப்பில பாத்தவைக்கும் சந்தேகம். கொழும்பில வேற வேற சாயம் போட்டுப் பாத்துத்தான் முடிவு எடுத்தவை. கட்டி கர்ப்பப்பையை விட்டு வெளிய வரேல்லை. உடையாமல் முழுசா எடுத்தபடியால் நல்லதாப் போச்சு."

"அப்ப சுகமோ?"

"இப்ப உங்கட உடம்பில தெரியக்கூடியதா ஒண்டுமில்லை. சூலகத்தையும் சேத்து எடுத்திட்டம், அதில சுரக்கிற ஹோமோன் இதுக்குச் சாப்பாடு மாதிரி. ஒரு குளிசை தருவன், தவறாமல் போடவேணும். ஆனால் இது பொறுமையான சாதி. கனகாலம் கழிச்சும் திரும்பி வரப் பாக்கும். அதால நான் கூப்பிடேக்க எல்லாம் வரவேணும். சுகம்தானே எண்டு நிண்டிடக்கூடாது."

றஞ்சிதா கேட்டாள். "மழை முடிய நான் பந்தலுக்குப் போகலாமோ பிள்ளை?"

டொக்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு முதல்தடவையாகச் சிரித்தாள். "போங்கோ. பாரத்தை மட்டும் ஐயா தூக்கட்டும்."

"மூண்டு ஓட்டை கேட்டு உங்களோட கோவிச்சுக்கொண்டு போனனான்."

"தெரியும். கதவைச் சாத்தின சத்தத்தில தெரிஞ்சது."

எழும்பும்போது சிங்கராசா கேட்டான். "டொக்டர், இதின்ர பேர் என்ன?"

"எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமா."

"திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

டொக்டர் பொறுமையாகத் துண்டு துண்டாகச் சொன்னாள். அவனும் கூடச் சொல்லிப் பார்த்தான்.

பஸ்ஸில் வழி முழுக்க அவன் உதடு அசைந்துகொண்டே வந்தது. பாலத்தில் ஸ்ட்ரோமல் வந்தது, சார்கோமா தவறிப்போயிற்று. வெள்ளாங்குளத்தில் பச்சை முளைத்த வயல்களைத் தாண்டும்போது இரண்டும் சேர்ந்து வந்தன. "எதுக்கப்பா உதைப் பாடமாக்கிறியள்?" என்று றஞ்சிதா கேட்டாள். "இவ்வளவு நாளும் வேற வேற பேர் சொல்லி மன்றாடிக் கொண்டிருந்தம்," என்றான். "சரியான பேரைத் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும்." அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டுமென்று விட்டாள்.

வீட்டு வாசலில் செலீனா நின்றாள். கையில் அகப்பை. "என்னவாம்?"

சிங்கராசா றஞ்சிதாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் நிமிர்ந்து நின்று, ஒரு எழுத்தும் பிசகாமல், "எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமா," என்றான்.

செலீனா விழித்தாள். "அதென்னடா, இத்தாலிச் சுவாமியாரின்ர பேர் மாதிரி?"

"கான்சர் மச்சாள்," என்றாள் றஞ்சிதா.

அகப்பையிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. செலீனா அதை யன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு வந்து றஞ்சிதாவின் முழங்கையைப் பிடித்தாள், படியில் கால் தடுக்கப் போகிறவளைப் பிடிக்கிற மாதிரி. "காலமை ஒண்டும் தின்னாமல் போனனியள். முதல் வந்து தின்னுங்கோ."

பாய் விரித்துச் சோறு போட்டாள். பாரைமீன் குழம்பும் முருங்கைக்காயும். மீனின் நடுத்துண்டை எடுத்து, முள்ளெடுத்து, சின்னப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி றஞ்சிதாவின் கோப்பையில் வைத்தாள். முகத்தை மட்டும் மற்றப் பக்கம் வைத்துக்கொண்டாள். றஞ்சிதாவும் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பசித்தது. அன்றைக்குத்தான், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, உண்மையாகவே பசித்தது.

சிங்கராசா இரண்டு வாய் தின்றான். மூன்றாவதை உருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா, நாங்கள் போய் இறங்கினமெல்லே, அங்க என்னெண்டால்..." என்று தொடங்கினான். தொடங்கியவன் அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏன் மெல்லக் கதைக்கிறியள்?" என்றாள் றஞ்சிதா, குழம்பை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டு. "டிலோஜினி வீட்டுக்கும் கேக்க வேணுமெல்லே? சத்தமாச் சொல்லுங்கோ."